வாஷிங்டன் மலையின் குளிர்காலமும் வழிச்செல்வோர் சுமையும்



உயர்கல்வியின் பொருட்டும் அலுவலின் பொருட்டும் அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதிக்குச் செல்லும் தமிழ் இளைஞர் ஆண்டுதோறும் பலர். பாஸ்டன் நகரில் குடியேறிய முதற் குளிர்காலத்திலேயே அவர்களிற் சிலருக்கு ஓர் ஆசை எழுவதுண்டு. அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில், நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் வெண்மலைத் தொடர் நிற்கிறது. அதன் தலைமைச் சிகரம் வாஷிங்டன் மலை. உயரம் 1,917 மீட்டர். உதகையின் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சி வரை வண்டியிலேயே சென்று, வேர்க்கடலை கொறித்துவிட்டுத் திரும்பியவருக்கு, அதனினும் எழுநூறு மீட்டர் தாழ்ந்த ஒரு மலை பெரிதாகத் தோன்றுவதில்லை. அவ்வாறு தோன்றாமையே அம்மலையின் முதற் பொறி.

உயரத்தை வைத்து மலையை அளப்பது வெப்ப நாட்டார் வழக்கம். வாஷிங்டன் மலையை அளக்க வேண்டிய கோல் காற்று. வட அமெரிக்காவின் புயல்கள் செல்லும் பாதைகள் பல அம்மலையின் அருகே ஒன்றுகூடுகின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே வடக்கு தெற்காக மதில்போல் நிற்கும் அத்தொடர், காற்றை மேல்நோக்கி நெருக்கி, உச்சியில் விரைவுபடுத்துகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் சீறிப் பாய்வதை ஒத்தது இது. ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் அங்கே சூறாவளியின் விரைவில் காற்று வீசுகிறது. ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் மரங்களே இல்லை. எஞ்சிய ஐந்நூறு மீட்டர் ஏற்றத்தில் ஒதுங்கி நிற்க ஒரு புதரும் கிடையாது. உச்சியில் கட்டடங்கள் உண்டெனினும் குளிர்காலத்தில் அவை வழிச்செல்வோருக்குத் திறக்கப்படுவதில்லை. உச்சியை அடைந்துவிட்டால் இளைப்பாறலாம் என்று எண்ணி ஏறுவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

1932ஆம் ஆண்டில் அவ்வுச்சியில் வானிலை ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. சங்கிலிகளால் பாறையோடு பிணைக்கப்பட்ட ஒரு சிறு கட்டடத்தில் இளைஞர் சிலர் தங்கி, இரவும் பகலும் காற்றை அளந்தனர். 1934 ஏப்ரல் 12ஆம் நாள் அவர்கள் குறித்த அளவு மணிக்கு 372 கிலோமீட்டர். அன்று காற்றளவியில் பனிக்கட்டி படிந்து அளவு பிழைபடத் தொடங்கியதனால், வெண்டெல் ஸ்டீபன்சன் என்னும் ஆய்வாளர் மரக்கழியொன்றை எடுத்துக்கொண்டு வெளியேறி, ஏணியில் ஏறி, அப்பனிக்கட்டியைத் தட்டி உடைத்துவிட்டு வந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகில் அளக்கப்பட்ட தரைக்காற்றுகளில் அதுவே பெரிதாக நின்றது. 1996இல் ஆஸ்திரேலியக் கரையை ஒட்டிய பாரோ தீவில் ஒலிவியா புயல்தான் அதனை முறியடித்தது.

இக்காற்று உடலை என்ன செய்கிறது? மனித உடல் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை எந்நேரமும் உண்டாக்கிக்கொண்டேயிருக்கிறது. வீசும் காற்று அப்படலத்தை உரித்துச் செல்கிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 20 பாகையாக இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று வீசினால், மூடப்படாத தோல் அதனை 38 பாகைக் கீழ்க்குளிராகவே உணரும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அவ்வுச்சியில் வெப்பநிலை செல்சியஸ் அளவில் உறைநிலைக்குக் கீழ் 44 பாகை. காற்றோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட குளிர்வோ 78 பாகைக் கீழ். அத்தகைய நாளில் எந்த உடையும் போதாது. வீட்டில் இருப்பதே தக்கது. ஆயின் அதனினும் எளிய நாட்களில், ஒருவர் உயிரோடு திரும்புவதும் விரல்களோடு திரும்புவதும் பெரும்பாலும் முதல்நாள் இரவு மூட்டை கட்டும்போதே முடிவாகின்றன.

மூட்டையின் முதற் சட்டம், பருத்தியை விலக்குவது. வெயில் நாட்டில் பருத்திக்கு நிகரான துணியில்லை. வியர்வையை உறிஞ்சி, மெல்ல உலர்ந்து, உடலைக் குளிர்விக்கிறது. அக்குணமே பனிமலையில் கேடாகிறது. ஈரமான பருத்தி நூலிழைகளுக்கிடையே இருந்த காற்றை இழந்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நீரோ, காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே உள்ளாடை தொடங்கிக் காலுறை வரை எதுவும் பருத்தியாக இருத்தலாகாது. ஜீன்ஸ் கால்சட்டையோடு குளிர்காலத்தில் அவ்வழியில் நிற்கும் ஒருவரைக் கண்டால், அவர் உடற்கட்டு எவ்வளவு உறுதியானதாயினும் அனுபவம் உடையோர் கவலை கொள்வர்.

1855 செப்டம்பரில், குளிர்காலம் தொடங்கும் முன்னரே, லிஸ்ஸி போர்ன் என்னும் இளம்பெண் தம் சிற்றப்பனோடும் அவர் மகளோடும் அம்மலையில் நடந்து ஏறினார். அக்காலத்துப் பெண்கள் அணிந்த கனத்த பாவாடைகள் பல அடுக்காக அவர் மேல் இருந்தன. மாலையில் மேகமும் காற்றும் சூழ்ந்தன. இருளில் வழி தெரியவில்லை. சிற்றப்பன் கற்களை அடுக்கி ஒரு சிறு மதில் எழுப்பினார். நள்ளிரவுக்கு முன்னரே அப்பெண் உயிர்நீத்தார். விடிந்தபோதுதான் தெரிந்தது, உச்சியிலிருந்த விடுதி கூப்பிடு தூரத்தில் நின்றது என்று.

உடையை ஒரே கனத்த போர்வையாகக் கொள்ளாமல் அடுக்குகளாகக் கொள்ளுதல் இன்றைய வழக்கு. உடலை ஒட்டிய அடுக்கு பாலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ ஆகும்; அதன் பணி வியர்வையை வெளியே தள்ளுவது. அதன்மேல் ஃப்ளீஸ் போன்ற, காற்றைச் சிறைப்பிடிக்கும் அடுக்கு. அதற்கும் மேலே காற்றும் பனியும் புகாத மெல்லிய மேலங்கி; தலையை முழுதும் மூடும் முக்காடும், அக்குளின்கீழ்த் திறந்துகொள்ள ஜிப்பும் அதற்கு வேண்டும். இவை நடக்கும்போது அணிவன. நிற்கும்போது இவையனைத்தின் மேலும் சட்டென்று போட்டுக்கொள்ளத் தக்க பருத்த அங்கியொன்று மூட்டையின் மேற்புறத்திலேயே இருத்தல் வேண்டும். அடியில் புதைந்து கிடந்தால், அதனைத் தேடும் ஐந்து நிமிடத்திலேயே விரல் மரத்துவிடும். அடுக்குமுறை புதிதன்று. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி, பட்டும் பருத்தியும் கம்பளியுமாகப் பல அடுக்குகளை அணிந்து, அவற்றின்மேல் நெருங்க நெய்த கபர்டீன் அங்கியை உடுத்தியிருந்தார். பின்னாளில் அவற்றைப் போலவே தைத்து அணிந்து பார்த்தோர், அவை எண்ணியதைவிட நன்றாகவே குளிரைத் தாங்கின என்றனர்.

அடுக்குகளை வாங்குவது எளிது. அவற்றைக் காலமறிந்து கழற்றுவதே அரிது. வண்டியிலிருந்து இறங்கிய குளிரில் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு புறப்படுபவர், அரை மணி நேர ஏற்றத்தில் உள்ளாடை வரை நனைந்துவிடுவார். மரங்களின் நிழலில் அந்த ஈரம் துன்பம் தருவதில்லை. மரங்கள் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் அது பனிக்கட்டியாகிறது. ஆகவே புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். கால்மணி நேரம் நடந்து உடல் சூடேறியதும் நின்று ஒன்றைக் கழற்றுதலும், மரவெல்லைக்குச் சற்று முன்னரே, இன்னும் காற்று மறைவாக இருக்கையில், நின்று எல்லாவற்றையும் அணிதலும் தேர்ந்தோர் வழக்கம். கூட்டத்தில் முன்னே செல்பவர் நிற்கவில்லையே என்று கூசி நில்லாதவரே பெரும்பாலும் நனைகின்றனர்.

பருத்த அங்கியைத் தேர்வு செய்யுமிடத்தில், கொல்லாமையை நோன்பாகக் கொண்ட குடும்பத்து இளைஞருக்கு ஒரு வினா எழுகிறது. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது வாத்தின் மென்தூவி நிரப்பிய அங்கி. எடைக்கு எடை பார்த்தால் அதற்கு ஈடான வெப்பக் காப்பு செயற்கை இழையில் இன்னும் வரவில்லை. இதனை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் தூவி நனைந்தால் களிபோல் திரண்டு காப்பை இழக்கிறது. உலரவும் நெடுநேரம் பிடிக்கிறது. செயற்கை இழையோ நனைந்தும் ஓரளவு வெப்பம் காக்கிறது. இமயத்தின் உயர்ந்த, வறண்ட குளிரில் தூவி வெல்லலாம். கடலுக்கு அணித்தாய், ஈரப்பனியும் உறைமூடுபனியும் மாறி மாறித் தாக்கும் வெண்மலையில், செயற்கை இழை அங்கி சில நூறு கிராம் கூடுதல் எடையோடு அப்பணியைச் செவ்வனே செய்யும். அறத்தின்பொருட்டு உயிரைப் பணயம் வைப்பதாக எவரும் அஞ்ச வேண்டா. காலணியிலும் அவ்வாறே: தோலின்றி, பிளாஸ்டிக் புற ஓடும் தனியே கழற்றத்தக்க உட்காலணியும் கொண்ட இரட்டைக் காலணிகள் நெடுங்காலமாக உள்ளன. தோற்காலணியினும் அவை வெப்பமானவை. நடைக்கு மட்டும் சற்று விறைப்பு. கையுறையின் உள்ளங்கையில் பெரும்பாலும் தோல் இருக்கும். அஃதில்லாதனவும் தேடினால் கிடைக்கின்றன.

காலணி இறுக்கமாக இருத்தல் கூடாது. குளிருக்கு அஞ்சி இரண்டு கனத்த காலுறைகளை ஒரே காலணிக்குள் திணிப்போர், குருதியோட்டத்தைத் தாமே தடுத்து விரல்களைக் குளிருக்கு ஒப்படைக்கின்றனர். ஒரு மெல்லிய உறையும் ஒரு கனத்த உறையும், உள்ளே விரல்களை அசைக்க இடமும் போதும். காலணியின் அடியில் பூட்டும் கருவிகள் மூவகை. மரங்களுக்கிடையே இறுகிய பனியில் நடக்கச் சங்கிலியில் கோத்த சிறு முட்கள் போதும். மிதித்தால் புதையும் புதுப்பனிக்குப் பனிமிதியடி வேண்டும். மேலே பளிங்குபோல் உறைந்த சரிவுக்கோ நீண்ட எஃகுப் பற்கள் கொண்ட கிராம்பான் இன்றியமையாதது. சிறு முட்களையே நம்பி மேலேறுவது இன்று பலர் செய்யும் பிழை. மேலும், வளையும் காலணியில் விறைத்த கிராம்பானைப் பூட்டினால் நடுவழியில் கழன்றுவிடும். இரண்டையும் சேர்த்தே பொருத்திப் பார்த்து எடுத்தல் வேண்டும். கையில் பனிக்கோடரி இருப்பதனாலேயே சறுக்கல் நின்றுவிடாது. விழுந்த கணத்தில் உடலைப் புரட்டி, அதன் அலகைப் பனியில் அழுத்தும் பயிற்சி முன்னரே கைவந்திருக்க வேண்டும்.

கைகளைப் பொறுத்தவரை ஐவிரல் உறையினும், நான்கு விரல்களும் ஒன்றாய் இருக்கும் பையுறையே வெப்பமானது. அதனுள்ளே மெல்லிய உறையொன்று அணிந்தால், ஜிப்பை இழுக்கவும் வாரைக் கட்டவும் வெறுங்கையை வெளியே நீட்ட வேண்டியதில்லை. மணிக்கட்டில் வார் இட்டுக் கட்டாத கையுறை, கழற்றிய நொடியில் பறந்து பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். மாற்று இணை ஒன்று மூட்டையில் இல்லையெனில் அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது. முகத்துக்கு முழு மூடியும் கண்ணுக்குக் காகிளும் வேண்டும். அவ்விரண்டும் ஒன்றோடொன்று பகை; முகமூடியிலிருந்து மேலெழும் மூச்சு காகிளின் உட்புறத்தில் படிந்து உறைகிறது. உறைந்த காகிளைக் கழற்றினால் காற்றில் கண்ணைத் திறக்க இயலாது. கழற்றாவிடின் எதுவும் தெரியாது. மூக்குக் கண்ணாடி அணிவோருக்கு இத்துன்பம் இருமடங்கு. இரண்டாவது காகிள் ஒன்றை உலர்வாகப் பொதிந்து வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்போர் மரவெல்லைக்குக் கீழேதான் உள்ளனர்.

உணவிலும் நீரிலும் சிறு நுணுக்கங்கள் உண்டு. குழாய் வைத்த நீர்ப்பை முதல் மணி நேரத்திலேயே உறைந்து பயனற்றுப் போகும். அகன்ற வாயுடைய குப்பியில் வெந்நீர் ஊற்றி, கம்பளி உறையில் தலைகீழாக வைப்பது முறை. நீர் மேலிருந்து உறையத் தொடங்குவதால், தலைகீழான குப்பியின் வாய் உறையாது. கொதிக்க வைத்த நீரையே பருகும் நோன்புடையார்க்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கடையில் விற்கும் இனிப்புக் கட்டிகள் குளிரில் கல்லாகிப் பல்லைச் சோதிக்கும். பாதாம், முந்திரி, வெல்லத்தில் பிடித்த சிற்றுருண்டைகள் ஆகியன நன்று. நின்று உண்ணக் காலமில்லாத வழியில், பையிலிருந்து எடுத்து நடந்துகொண்டே மெல்லலாம். மார்கழி மாதத்தில் அங்குப் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. மாலை நான்கரைக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். கதிர் மறைந்தபின் உண்ணாதவர் அதனை எண்ணியே தம் நாளை வகுத்துக்கொள்ள வேண்டும். எவராயினும் தலைவிளக்கும் மாற்று மின்கலமும் இன்றிப் புறப்படலாகாது. குளிரில் மின்கலம் விரைந்து சோர்வதால், கைப்பேசியை உட்சட்டையில் உடலோடு அணைத்து வைத்தல் வேண்டும்.

இனி, சுமப்பதற்குப் பலரும் தயங்கும் பொருள்கள் உள. உறக்கப்பை, அதனைப் போர்த்தும் காற்றுப்புகா உறை, பனியின்மேல் விரிக்கும் மெத்துப் பாய் ஆகியன. ஒரு பகற்பொழுதில் ஏறி இறங்கும் மலைக்கு இவை எதற்கு என்று கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை 1982 ஜனவரியில் அம்மலையிலேயே எழுதப்பட்டது.

பதினேழு வயது ஹியூ ஹெர், அந்நாட்டின் இளம் பாறையேறிகளுள் முன்னணியில் நின்றவர். அவரும் அவரினும் மூன்று ஆண்டு மூத்த ஜெஃப் பாட்சர் என்னும் தோழரும், ஹண்டிங்டன் பள்ளத்தின் பனியோடை ஒன்றில் ஏறச் சென்றனர். விரைந்து ஏறுதற்காக உறக்கப்பை உள்ளிட்ட சுமையை அடிவாரத்திலேயே விட்டனர். ஓடையை எளிதில் ஏறி முடித்தனர். உச்சி அருகில்தானே என்று இன்னும் சிறிது தூரம் நடந்தனர். அச்சிறிது தூரத்தில் காற்றும் பனியும் மூடின. திசை மாறி, மலையின் மறுபுறத்திலுள்ள பெரும்பள்ளத்தில் இறங்கிவிட்டனர். ஓடையின் பனிப்படலம் உடைந்து ஹெர் நீரில் அமிழ்ந்தார், காலணிகள் நனைந்தன. உறைநிலைக்குக் கீழ் இருபது பாகையும் தாண்டிய குளிரில், தளிர்க்கிளைகளை ஒடித்துப் பரப்பி, ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு மூன்று இரவுகள் கிடந்தனர். அவர்களைத் தேடிச் சென்ற தன்னார்வ மீட்பர் ஆல்பர்ட் டோ, ஜனவரி 25ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கி உயிர்நீத்தார். அவருக்கு வயது இருபத்தெட்டு. மறுநாள், பனிமிதியடியோடு அவ்வழியே நடந்த ஒரு பெண்மணி கால்தடங்களைக் கண்டு தொடர்ந்து, இருவரையும் உயிரோடு கண்டார். ஹெரின் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டன. பாட்சரும் ஒரு காலையும் கைவிரல்களையும் இழந்தார்.

ஹெர் தமக்கென்று தாமே செயற்கைக் கால்களை வடித்து மீண்டும் பாறையேறினார். பிற்காலத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை உறுப்பு ஆராய்ச்சியின் தலைமக்களுள் ஒருவரானார். டோவின் பெற்றோருக்கு மகன் திரும்பவில்லை. அடிவாரத்தில் விடப்பட்ட அச்சுமையின் எடை சில கிலோவே. இன்று வழிகாட்டிகள் நால்வர் கொண்ட குழுவுக்கு ஓர் உறக்கப்பையேனும் ஒரு பாயேனும் இருந்தாக வேண்டும் என்பர். ஒருவர் கால் முறிந்து அமர்ந்துவிட்டால், மீட்பர் வந்து சேரும் வரை அவரைக் காப்பது அதுவே.

எல்லாம் சுமந்தாலும் போதாத நாள் உண்டென்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015 பிப்ரவரியில், உலகின் பல உயர்சிகரங்களில் ஏறிய பயிற்சியுடைய ஒரு பெண்மணி, வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள ஆடம்ஸ் மலையில் தனியே ஏறினார். செயற்கைக்கோள் தொலைபேசியும், இடத்தை அறிவிக்கும் கருவியும் அவரிடம் இருந்தன. கருவி அழைத்தது, அழைப்பும் கிடைத்தது. மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் மீட்பர்களால் உரிய நேரத்தில் அவரை அடைய இயலவில்லை. அன்று கடுங்காற்று வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது. உச்சியிலுள்ள ஆய்வகம் உயர்சிகரங்களுக்கென்றே நாள்தோறும் தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதிகாலையில் அதனைப் படிப்பதற்கு எடையில்லை, விலையுமில்லை. எத்தனை மணிக்கு எங்கிருப்பினும் திரும்புவது என்பதையும் அப்போதே குறித்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று அதனை முடிவு செய்ய எவராலும் இயலாது.

செலவைப் பற்றி ஒரு சொல். இவை அனைத்தையும் புதிதாய் வாங்கினால் மாணவர் ஒருவரின் பல மாத வாடகை கரைந்துவிடும். வாங்கவும் வேண்டியதில்லை. மலையடிவாரத்து நார்த் கான்வே ஊரில் இரட்டைக் காலணி, கிராம்பான், பனிக்கோடரி ஆகியன நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, வழிகாட்டிகளும் உள்ளனர். முதன்முறை ஏறுவோர் அவர்களோடு செல்வதே முறை. உள்ளாடை, காலுறை, கையுறை போன்று உடலுக்குப் பொருந்த வேண்டியவற்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். வாடகைப் பொருளை விடியற்காலையில் அவசரமாக எடுத்துக்கொண்டு ஓடாமல், முதல்நாள் மாலையே பெற்று, தங்கும் அறையில் காலணியை மாட்டி, பையுறை அணிந்த கைகளாலேயே கிராம்பானின் வார்களைப் பூட்டியும் கழற்றியும் பழகுதல் வேண்டும். வெப்பமான அறையில், விளக்கொளியில், நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும்போதே அது முதலில் பத்து நிமிடம் பிடிக்கும். மூன்றாம் முறை இரண்டு நிமிடத்தில் முடியும். விளக்கை அணைத்துவிட்டு நான்காம் முறையும் செய்து பார்க்கலாம்.